சின்னம்மாவின் அடுத்த படம்

பாலம் அப்போது பாதி கட்டிய நிலையில் கடலுக்குள் நின்றது. பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே எல்லோரும் ஃபெரியில்தான் போய் வந்தோம். நான் தீவிலிருந்த பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு மாணவர் குறும்பட விழா ஒன்று நடக்கப்போவதாக எங்கள் துறையில் அறிவிப்பு ஒட்டினார்கள். கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும்கூட மாணவர்கள் படம் கொண்டுவருவார்கள் என்றும், தலைநகரிலிருந்து ஓர் இயக்குநர் நடுவராக வருவார் என்றும் அதில் எழுதியிருந்தது.

இருவர் இருவராகச் சேர்ந்து பெயர் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் துறையின் கேமரா ஒரு வார இறுதிக்கு மட்டும் கிடைக்கும். கூடவே நான்கு சுருள் கறுப்பு வெள்ளை பிலிம். ஒரு சுருள் மூன்று நிமிடம்கூட ஓடாது. கேமராவோ கடிகாரம் போல் சாவி முடுக்கி ஓட்டுகிற பழைய கேமரா. ஒருமுறை முடுக்கினால் அரை நிமிடத்துக்குள் நின்றுவிடும். எதைக் காட்டுவதாக இருந்தாலும் அந்த அரை நிமிடத்துக்குள் காட்டியாக வேண்டும்.

என்னோடு சேர்ந்தவன் பட்டர்வொர்த்தில் மாக் மண்டின் பகுதியைச் சேர்ந்த ஒரு தொழிற்சாலை ஃபிட்டரின் மகன். வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான். எங்கள் வீட்டில் பேசுவது மட்டும் யாழ்ப்பாணத் தமிழ். அவன் கேமராவைத் துடைப்பதைப் பார்த்தாலே அவனுக்கு அதன் மேல் எவ்வளவு ஆசை என்று தெரியும். கதை என் பொறுப்பு. நான் எழுதிய கதை சின்னது. இருபது வயதுப் பெண் ஒருத்தி பெருநிலக் கரையில், பட்டர்வொர்த் ஃபெரித் துறையில் காதலனுக்காகக் காத்திருக்கிறாள். ஃபெரி வருகிறது, அவன் வரவில்லை. அடுத்ததில் வருவான் என்று நிற்கிறாள். அதிலும் வரவில்லை. அவ்வளவுதான். படத்துக்கு 'அடுத்த ஃபெரி' என்று பெயர் வைத்தேன். பெண்கள் விடுதியில் என்னோடு இருந்த தோழி ஒருத்தி நடிக்க ஒப்புக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை ஒரு சுருள் முழுக்கக் கூட்டத்தையும், கயிறு கட்டுவதையும், இறங்கும் கார்களையும் எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை, புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. தோழிதான். அப்பா விடமாட்டேன் என்கிறார், மன்னித்துக்கொள் என்றாள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கேமராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் தொலைபேசியை வைத்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தேன். இடியப்பம் ஆறிக்கொண்டிருந்தது.

மேசையின் மறுபக்கத்தில் சின்னம்மா இருந்தார். என் அம்மாவின் தங்கை. ஜார்ஜ்டவுன் பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்டாக வேலை. பர்மா ரோட்டில் ஒரு கடையின் மாடியில் இரண்டு அறை எடுத்துத் தனியாக இருந்தார். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் ஃபெரி ஏறி, பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்பிப் போவார். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது. கல்யாணம் ஆகவில்லை. இரண்டு இடம் பேசி இரண்டும் நின்றுபோயின என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதைப் பற்றி வீட்டில் கேட்டால், "அவளுக்கு அமையேல்லை" என்பார் அம்மா. அந்த ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அம்மா, "அப்பவே சொன்னன், ஆற்ற பிள்ளையையோ கூட்டிக்கொண்டு போய்..." என்று தொடங்கினார்.

சின்னம்மா தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையை வைத்தார்.

"நான் வந்து நிக்கட்டே?" என்றார்.

அம்மா சிரித்தேவிட்டார். "உனக்கென்ன விசரே? அது சின்னப் பெட்டையின்ர கதை."

"நிக்கத்தானே வேணும். நான் கிழமைக்குக் கிழமை அங்க நிக்கிறனான்."

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வேறு ஆள் இல்லை. பதினொரு மணிக்கு நாங்கள் பட்டர்வொர்த்தில் இருந்தோம். சின்னம்மா அலுவலகத்துக்கு உடுத்தும் சாம்பல் நிறச் சேலை, இறுக்கி முடிந்த கொண்டை, தடித்த கண்ணாடி, கையில் கைப்பை. நண்பன் சின்னம்மாவைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே இழுத்தான்.

"கதையே மாறிப் போயிடும்லா."

"மாறினா மாறட்டும். நாளைக்குக் கேமராவ குடுக்கணும்."

முதல் இரண்டு முறையும் சின்னம்மா பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க நிற்பவர் போல நின்றார். தாடையை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு. பிலிம் வீணானது. எனக்கு அழுகை வரும் போலிருந்தது. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

"நான் ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்?" என்று கேட்டார்.

"கதையில் காதலன், சின்னம்மா" என்றேன், தரையைப் பார்த்தபடி.

"இந்த வயசிலயோ?"

கேமராவின் சாவியை முடுக்கிக்கொண்டிருந்த நண்பன் நிமிர்ந்தான். "யாரையாவது நெனச்சுக்கங்க ஆண்ட்டி. எங்ககிட்ட சொல்ல வேணாம்."

சின்னம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார். "சரி" என்றார்.

அதற்குப் பிறகு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஃபெரி கரையணையும்போது அவர் ஓரடி முன்னே வருவார். கூட்டம் இறங்கத் தொடங்கியதும் அந்த ஓரடியைப் பின்னே எடுத்துவைப்பார், எவருக்கோ வழி விடுபவர் போல. கைப்பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றுவார். இதெல்லாம் நான் எழுதியதல்ல.

கடைசிச் சுருளில் ஒரேயொரு முடுக்கல்தான் மீதி இருந்தது. முகத்தை மட்டும் எடுப்போம் என்றான் நண்பன். கேமரா நிற்கும்வரை கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்று சொன்னோம். ஃபெரியின் பலகை இறங்கியது, ஆட்கள் வந்தார்கள். சின்னம்மா ஒவ்வொரு முகமாகத் தேடினார். திடீரென்று அவர் உதட்டோரம் விரிந்தது. யாரையோ கண்டுவிட்டார் என்று நானே திரும்பிப் பார்த்தேன். தேடிய ஆள் அல்ல என்று தெரிந்ததும், தொடங்கிய சிரிப்பை ஒருவர் எப்படி உள்ளே இழுத்துக்கொள்வாரோ, அப்படி இழுத்துக்கொண்டார். அதுவும் உடனே அல்ல. சிரிப்பு போக மனமில்லாமல் கொஞ்சம் தங்கிவிட்டுப் போனது. கேமரா தன்பாட்டில் நின்றது.

"முடிஞ்சுதே?" என்று கேட்டார் சின்னம்மா.

கோலாலம்பூரில் கழுவிப் பிலிம் வந்து சேர மூன்று வாரமானது. நாங்கள் அதை வெட்டி ஒட்டி ஏழு நிமிடமாக்கினோம். எழுதிய கதையில் பாதியைத் தூக்கிப் போட்டோம். காதலனும் போனான். யார் வரவேண்டும் என்று படத்தில் எங்கேயும் சொல்லவில்லை. ஒலியைக் கேசட்டில் தனியாகப் பதிவுசெய்து, படம் ஓடும்போது கூடவே போடுவதென்று முடிவு செய்தோம். எல்லாக் குழுக்களும் அப்படித்தான் செய்தன.

விழா மூன்று நாள் நடந்தது. ஒரு பெரிய விரிவுரை மண்டபத்தின் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்திருந்தோம். முதல் நாள் வந்த படங்களில் சில இப்போதும் ஞாபகமிருக்கின்றன. ஒருவன் கொய்த்தியாவ் நூடுல்ஸ் கிளறும் கைகளை மட்டும் பத்து நிமிடம் காட்டினான். ஒரு மலாய்ப் பெண் தன் தகப்பனார் வீட்டின் கூரையை மாற்றுவதை எடுத்திருந்தாள். வெயிலில் அவர் பாடிக்கொண்டே வேலை செய்தார், ஆனால் பாட்டு கேட்கவில்லை, வாய் மட்டும் அசைந்தது. சிங்கப்பூர் மாணவர்கள் மூன்று கால் நாய் ஒன்றின் பின்னால் ஒரு நாள் முழுக்க நடந்திருந்தார்கள். ஒரு படம் தலைகீழாக ஓடத் தொடங்கி, எல்லோரும் அதுதான் புதுமை என்று நினைத்துப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மூன்று நாளும் எனக்குப் பசியே எடுக்கவில்லை. இனி என் வாழ்க்கை இதுதான் என்று நினைத்தேன்.

எங்கள் படம் இரண்டாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு. சின்னம்மா அரைநாள் விடுப்பு எடுத்து வந்தார். பட்டுச் சேலை உடுத்தியிருந்தார். "எல்லாரும் சப்பாத்தும் ஜீன்ஸுமா இருக்கினம், நான் கலியாண வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறன்" என்று என் காதில் சொன்னார். கடைசி வரிசையில், புரொஜெக்டருக்குப் பக்கத்தில் அவரை உட்கார வைத்தேன். நான் கேசட் இயந்திரத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன்.

படம் தொடங்கி ஐந்தாறு வினாடி கழித்துத்தான் பொத்தானை அழுத்தினேன். அதனால் ஃபெரியைக் கரையில் கட்டி முடித்த பிறகு அதன் சங்கு ஊதியது. கார்கள் போன பிறகு கார்ச் சத்தம் வந்தது. மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. நண்பன் என் தோளைத் தொட்டான்.

"நிறுத்திடு. சத்தமே வேணாம்."

நிறுத்தினேன். அதற்குப் பிறகு புரொஜெக்டரின் கடகட சத்தம் மட்டும்தான். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. சின்னம்மா ஓரடி முன்னே வந்தார், ஓரடி பின்னே போனார். யாரோ இருமினார்கள். கடைசியில் அந்த முகம் வந்தது, திரை முழுக்க. சிரிப்பு தொடங்கி, நின்று, தங்கி, போனது.

நான் திரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த சின்னம்மாவைத்தான் பார்த்தேன். முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் உதடு விரிந்தபோது அவர் உதடும் விரிந்தது. விளக்கு எரிந்ததும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கண்ணாடி கொஞ்சம் மினுங்குது" என்றார்.

இடைவேளையில் நடுவராக வந்த இயக்குநர் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். சின்னம்மாவிடம் மலாயில், எந்த நாடகக் குழு என்று கேட்டார். "நான் டைப்பிஸ்ட்" என்றார் சின்னம்மா. இயக்குநர் விடவில்லை. அந்தக் கடைசிச் சிரிப்பை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

"ஒருவரும் இல்லை. தூரத்தில் ஒருவரைப் பார்த்து ஏமாந்தால் அப்படித்தானே ஆகும்" என்றார் சின்னம்மா, நல்ல மலாயில், அலுவலகக் கடிதத்துக்குப் பதில் சொல்வது போல.

பரிசு நாய்ப் படத்துக்குப் போனது. எங்களுக்கு ஆளுக்கொரு சான்றிதழ். சின்னம்மாவின் பெயரில் ஓரெழுத்து தப்பாக இருந்தது. அவர் அதைக் கவனித்தார், மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

படம் ஓடிய அன்று மண்டபத்திலிருந்து பஸ் ஏறிச் சூலியா தெருவில் இறங்கினோம். 'மாமாக்' என்று சொல்லும் ஒரு தமிழ் முஸ்லிம் கடையில் தேநீர் குடித்தோம், நாங்கள் இருவர் மட்டும். சின்னம்மா கடைக்குள் வரும் வழக்கமே இல்லாதவர். பட்டுச் சேலையோடு மார்பிள் மேசையில் உட்கார்ந்து, தேநீரைச் சாசரில் ஊற்றி ஆற்றினார்.

"எனக்குப் பதினேழு வயசில சங்க மண்டபத்தில ஒரு நாடகம் போட்டவை" என்று தொடங்கினார். "இரண்டு மாசம் ஒத்திகை. பெரிய பாகம் எனக்குத்தான். அப்பாவுக்குத் தெரியாது. யாரோ சொல்லிப்போட்டினம். வந்தார். எல்லாருக்கும் முன்னால கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போயிட்டார். ஏசவும் இல்லை, அடிக்கவும் இல்லை. எனக்குத் தைச்ச உடுப்பை வேற பிள்ளை போட்டு நடிச்சவள். அவளுக்கு அது கை நீளம்."

"அம்மா இதைச் சொன்னதே இல்லையே."

"அக்கா மறந்திருப்பா. அதுக்குப் பிறகு என்னை ஒருத்தரும் நடிக்கக் கேக்கேல்லை. நீதான் கேட்டாய்."

"நான் எங்க கேட்டனான் சின்னம்மா? நீங்களாத்தானே வந்தனீங்கள்."

அவர் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார். பிறகு சாசரைத் தள்ளிவைத்துவிட்டு, "அடுத்த படம் எப்ப?" என்று கேட்டார்.

நான் உற்சாகமாக இருந்தேன். "பரீட்சை முடியட்டும், உடனே எடுப்பம்" என்றேன்.

பரீட்சை முடிந்தது. கோலாலம்பூரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பிஸ்கட்டுக்கும் சலவைத் தூளுக்கும் படம் எடுக்கும் நிறுவனம். நான் எடுக்கவில்லை, யார் எத்தனை மணிக்கு வரவேண்டும், பிஸ்கட் எத்தனை பெட்டி வேண்டும் என்று பார்த்துக்கொள்வது என் வேலை. முதலில் ஓராண்டு என்று நினைத்தேன். பிறகு கல்யாணம், பிறகு குழந்தை. நண்பன் பட்டர்வொர்த்தில் கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கத் தொடங்கினான். தொலைபேசியில் பேசும்போதெல்லாம், "ஒண்ணு செய்யணும்லா" என்பான். செய்யணும் என்பேன்.

சின்னம்மா மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதுவார், அலுவலக இயந்திரத்தில் தட்டெழுதி. வீட்டுச் செய்தி, மழைச் செய்தி, யாருக்குக் குழந்தை பிறந்தது. கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: அடுத்த படம் எப்போது? தீபாவளிக்குப் போனால் வாசலிலேயே கேட்பார். அது குடும்பத்தில் ஒரு வேடிக்கையாகிவிட்டது. "நடிகை வந்திட்டா" என்பார் என் அப்பா. சின்னம்மாவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் சிரித்து முடித்துவிட்டு என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்க நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போயிருக்கிறேன். அவர் தன் ஆசையைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அந்த ஆசை இருந்தது, அவருக்குக் கொஞ்சமும் குறையாமல். அதனால்தான் பார்க்க முடியவில்லை.

அவர் ஓய்வு பெற்ற ஆண்டில் ஒரு தடித்த உறை வந்தது. ஆறு பக்கம். அலுவலகம் அவருக்குக் கொடுத்தனுப்பிய பழைய இயந்திரத்தில் ஆங்கில எழுத்துத்தான் உண்டு என்பதால், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார். வாய்விட்டுப் படித்தால்தான் தமிழ் காதில் விழுந்தது. சமையலறையில் நின்று சத்தமாகப் படித்தேன். அது ஒரு படக்கதை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெண் ஒருத்தி. மறுநாள் காலை வழக்கம் போல எழுந்து குளித்து, சேலை உடுத்தி, கைப்பையோடு நாற்காலியில் உட்காருகிறாள். எட்டுப் பத்துக்குப் பஸ் போகும் சத்தம் கேட்கிறது. அவள் எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டரைக்கு அதே நாற்காலியில், கட்டிவைத்த சாப்பாட்டைத் திறந்து சாப்பிடுகிறாள். ஐந்து மணிக்கு எழுந்து, வேலை முடிந்து வந்தவள் போலக் கைப்பையைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டுகிறாள். பேச்சே இல்லை. ஓரத்தில் ஒவ்வொரு காட்சிக்கும் எத்தனை வினாடி என்று குறித்திருந்தார். எதுவும் அரை நிமிடத்தைத் தாண்டவில்லை. முடுக்கிவிடும் கேமராதான் அவர் கண்ட ஒரே கேமரா.

நன்றாக இருக்கிறது, அடுத்த ஆண்டு கட்டாயம் எடுப்போம் என்று பதில் எழுதினேன்.

அடுத்த ஆண்டு அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். அப்பா இறந்த பிறகு அம்மா புக்கிட் மெர்தாஜாம் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுச் சின்னம்மாவோடு பர்மா ரோட்டில் இருந்தார். "அவளுக்கு இடப்பக்கம் இழுத்துப் போட்டுது. கதைக்கிறாள். பயப்பிடாதை" என்றார். நான் போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே இருந்தார். பக்கவாதத்தில் முகத்தின் இடது பாதி இறங்கியிருந்தது. குழந்தை எப்படி இருக்கிறான், பஸ்ஸில் இடம் கிடைத்ததா என்றெல்லாம் குழறிக் குழறிக் கேட்டார். அடுத்த படம் பற்றி மட்டும் கேட்கவில்லை. கோலாலம்பூர் திரும்பும் பஸ்ஸில் ஈப்போ வரும்வரை நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து, அலுவலகத்திலிருந்து ஒரு வீடியோ கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். சின்னம்மா வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடக்கும் அளவுக்குத் தேறியிருந்தார். இடக்கைதான் இன்னும் சரியாகவில்லை. பையைத் திறந்து கேமராவைக் காட்டினேன். அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார்.

"வேண்டாம் பிள்ளை."

"உங்கட கதைதான் சின்னம்மா. நாற்காலியில இருந்தாப் போதும்."

"இந்த முகம் நான் நினைக்கிறதைச் செய்யுதில்லை. ஒரு பக்கம் சிரிச்சா மற்றப் பக்கம் சும்மா இருக்கு. இதை வைச்சு என்னத்தைச் செய்யிறது?"

முகத்தைக் காட்டாமல் எடுக்கலாம், பின்னால் இருந்து எடுக்கலாம் என்றேன். அம்மா எனக்குக் கண் காட்டினார், விட்டுவிடு என்று. நான் கேமராவை மேசையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் எழுந்தபோது சின்னம்மா கேமராவின் வார்ப்பட்டைக்குள் வலக்கையைப் போட்டுக்கொண்டு, கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது வலக்கைக்குத்தான் செய்திருக்கிறாங்கள்" என்றார். "நீ போய் என்ர சாம்பல் சீலையை உடு. நீ இரு. நான் எடுக்கிறன்."

"எனக்கு நடிக்கத் தெரியாது சின்னம்மா."

"இருக்கத் தெரியுமே?"

எட்டு மணிக்கு நான் அவருடைய சேலையில், அவருடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தேன். எதிரே அவர், முழங்கைக்கு அடியில் இரண்டு தொலைபேசி டைரக்டரிகளை முட்டுக் கொடுத்துக்கொண்டு. எந்தப் பொத்தான் என்று காட்டிக்கொடுத்தேன். எட்டுப் பத்துக்குச் சற்றுப் பிந்தி பஸ் வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"நிப்பாட்டு" என்றார். "தலையைத் திருப்பாதை. முப்பத்தி மூண்டு வருசம் கேட்ட சத்தம். ஆர் திரும்பிப் பாப்பினம்?"

அடுத்த பஸ்ஸுக்கு இருபது நிமிடம் காத்திருந்தோம். இந்த முறை நான் திரும்பவில்லை. ஆனாலும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"நீ ஆரையோ பாத்துக்கொண்டு இருக்கிறாய்."

"காத்திருக்கத்தானே வேணும்?"

"இல்லை. அது அந்தப் படம். இவள் ஒண்டுக்கும் காத்திருக்கேல்லை. போக வேண்டிய நேரம், போகேல்லை. அவ்வளவுதான்."

நாக்கு புரளாததால் ஒவ்வொரு சொல்லாகத்தான் சொன்னார். நான் கூர்ந்து கேட்க வேண்டியிருந்தது. நான்காவது முறை, பஸ் சத்தம் நெருங்கி வந்து கீழே நின்று பிறகு கிளம்பியபோது, எனக்கு ஏதோ ஆகிவிட்டது. தினமும் இந்த நாற்காலியில் அவர் இப்படி இருந்திருக்கிறார், கதை எழுதுவதற்கு முன்பே, என்று தோன்றியது. கண்ணீர் வந்துவிட்டது. எடுத்தது நன்றாக வந்திருக்கும் என்றுகூட ஒரு மூலையில் நினைத்தேன்.

"நான் அழுகை எழுதேல்லை" என்றார் சின்னம்மா. "முகத்தைக் கழுவிக்கொண்டு வா. திரும்ப எடுப்பம்."

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. டப்பாவில் சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும் அம்மா கட்டி வைத்திருந்தார். பசியில்லை என்றேன். "பசியைப் பற்றிக் கதையில இல்லை. நேரம் ஆச்சுது, சாப்பிடு" என்றார். இரண்டு முறை எடுத்தார். இரண்டாம் முறை நான் கை கழுவ எழுந்தபோது, பரவாயில்லை என்பது போலத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு எனக்கு எந்தச் சான்றிதழையும்விடப் பெரிதாக இருந்தது.

மூன்றரை மணிக்குப் பேட்டரி தீர்ந்தது. கொண்டுவந்த இரண்டும் தீர்ந்துவிட்டன. சார்ஜரை நான் கோலாலம்பூரில் விட்டுவிட்டு வந்திருந்தேன். கைப்பையை மாட்டும் காட்சி மட்டும் பாக்கி. சின்னம்மா கோபப்படவில்லை. "தீபாவளிக்கு வருவாய்தானே, அப்ப எடுப்பம்" என்றார்.

தீபாவளிக்குப் போனேன். அந்த வாரம் கேமரா வேறு வேலைக்குப் போயிருந்தது. அடுத்த முறை என்றேன். அவரும் அடுத்த முறை என்றார். பெப்ரவரியில் இரண்டாம் முறையாக இழுத்தது. இந்த முறை நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அதன் பிறகு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டேன். துறை வேறு கட்டடத்துக்கு மாறியபோது பழைய பிலிம்கள் என்னவாயின என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நண்பன் தன் வீட்டுப் பரண் முழுக்கத் தேடினான். அவனிடம் படப்பிடிப்பின் இடையே எடுத்த ஒரு புகைப்படம்தான் இருந்தது. அதில் சின்னம்மா கேமராவைப் பார்க்காமல் குடையை மடித்துக்கொண்டிருக்கிறார். அந்த ஏழு நிமிடம் எங்கேயும் இல்லை. மண்டபத்தில் அன்று நான் திரையைப் பார்க்காமல் இருந்துவிட்டேனே என்று இப்போது நினைக்கிறேன். வெட்டி ஒட்டிய நாட்களில் எடிட்டிங் கருவியின் சின்னத் திரையில் ஐம்பது முறை பார்த்திருப்பேன். பெரிதாக ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

வீடியோ நாடா என்னிடம் இருக்கிறது. ஒரு மணி நேரம். முழுக்க நான்தான், சாம்பல் சேலையில், விறைத்துப்போய். சின்னம்மாவின் முகம் ஓரிடத்தில்கூட இல்லை. குரல் மட்டும் கேமராவுக்குப் பின்னாலிருந்து கேட்கிறது: நிப்பாட்டு, திரும்ப, கையை எடு.

சாப்பாட்டுக் காட்சிக்குப் பிறகு அவர் பொத்தானை நிறுத்த மறந்துவிட்டார். நான் கை கழுவப் போயிருந்தேன். இரண்டு நிமிடத்துக்குத் தரை மட்டும் தெரிகிறது. சிவப்புச் சிமெந்துத் தரையில் அவருடைய வலது கால், ரப்பர்ச் செருப்போடு. அம்மாவின் குரல் கேட்கிறது.

"களைச்சுப் போனாய். போதும், வைச்சிட்டு வா. பிள்ளை எப்பிடிச் செய்யிறாள்?"

"நடிப்பு வராது அக்கா" என்கிறார் சின்னம்மா. "ஆனாச் சொன்னாக் கேக்கிறாள்."

அம்மா ஏதோ சொல்கிறார், அது சரியாக விளங்கவில்லை. சின்னம்மா சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் குழறலாகத்தான் இருக்கிறது, ஆனால் நெடுநேரம் சிரிக்கிறார். அந்த இடம் வந்ததும் நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன்.